ஆற்றுக்கு எந்தக் கரையில் வீடு?

மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வேலையோ ஆய்வு இடமோ கிடைத்துத் திருநெல்வேலிக்குக் குடிவரும் குடும்பம் முதலில் கேட்பது, "எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?" என்பதைத்தான். உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் யோசிக்காமலே பதில் சொல்வார்கள்: "பாளையில பாருங்க. ஸ்கூல் எல்லாம் அங்கதான இருக்கு." பதில் தவறில்லை. ஆனால் அது பாதிப் பதில். பல்கலைக்கழகம் இருப்பது நகருக்கு மேற்கே, தென்காசிச் சாலையில், அபிஷேகப்பட்டியில். பாளையங்கோட்டை இருப்பது தாமிரபரணியின் கிழக்குக் கரையில். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆறு, ஒரு ரயில் பாதை, தேரோடும் வீதிகளைச் சுற்றி வளர்ந்த ஒரு பழைய ஊர். தினமும் காலையும் மாலையும் இந்த மூன்றையும் கடப்பது யார், பெரியவரா பிள்ளையா என்று முடிவுசெய்வதுதான் இந்த ஊரில் வீடு பார்ப்பதன் சாரம். வாடகையும் அறைகளின் எண்ணிக்கையும் அதற்குப் பிறகுதான்.

இப்படி ஒரு நிலை ஏன் வந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. பாளையங்கோட்டை கோட்டை ஊர். ஆங்கிலேயர் காலத்தில் படையும் நிர்வாகமும் அங்கே தங்கின. 1820இல் மிஷனரி ரேனியஸ் அங்கே வந்து சேர்ந்த பிறகு மிஷன் பணி வேரூன்றியது. பின்னாலேயே பள்ளிகள் வந்தன, கல்லூரிகள் வந்தன: 1878இல் தூய யோவான் கல்லூரி, 1895இல் பெண்களுக்கென்று சாராள் தக்கர் கல்லூரி, 1923இல் தூய சவேரியார் கல்லூரி. விடுதலைக்குப் பிறகு அரசும் அதே கரையில்தான் கட்டியது. 1964இல் சித்த மருத்துவக் கல்லூரி, 1965இல் ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. ஒன்று இருக்கும் இடத்துக்கே இன்னொன்றும் வரும். படித்த குடும்பங்கள் அங்கே குடியேறின. அவர்களை நம்பி மகாராஜநகர், தியாகராஜநகர், பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி என்று குடியிருப்புகள் தெற்கே விரிந்தன. இப்போது கே.டி.சி. நகர், வி.எம். சத்திரம் என்று கிழக்கேயும் போய்க்கொண்டிருக்கின்றன.

1990இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து புதுப் பல்கலைக்கழகம் உருவானபோது அதற்குத் தேவைப்பட்டது பெரிய நிலம். அது கிடைத்தது ஊருக்கு மேற்கே, வாய்க்கால் பாசனம் எட்டாத மானாவாரிக் காட்டில், சுமார் 550 ஏக்கர். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கதையும் இதுதான். மதுரைப் பல்கலைக்கழகம் தேனிச் சாலையில் நகரை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தது. ஆனால் அங்கே வழியில் நாகமலை புதுக்கோட்டை ஓர் ஆசிரியர் குடியிருப்பாகவே வளர்ந்துவிட்டது. வீட்டுக்கும் வளாகத்துக்கும் நடுவே நகரம் குறுக்கே வராது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தனக்கென்று அண்ணாமலைநகரையே உண்டாக்கிக்கொண்டது. முப்பத்தைந்து ஆண்டு கழிந்த பிறகும் அபிஷேகப்பட்டிக்கு அப்படி ஒரு குடியிருப்பு அமையவில்லை. வேலை மேற்கே வந்தது. பள்ளியும் மருத்துவமனையும் கிழக்கிலேயே நின்றுவிட்டன.

இதே பெயருள்ள இன்னோர் ஊரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் திருநெல்வேலியில்தான் இருக்கிறது. அது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. 1974இல் அங்கே வளாகம் தொடங்கியபோது பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களே அதற்கு இடமாயின. அதனால் அந்தப் பல்கலைக்கழகம் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. கொக்குவில், கோண்டாவில், நல்லூர் எல்லாம் சைக்கிள் மிதிக்கும் தூரம். நம் திருநெல்வேலியில் 550 ஏக்கர் கிடைத்தது. அங்கே பக்கத்து வீடும் பக்கத்துப் பள்ளிக்கூடமும் கிடைத்தன. பல்கலைக்கழகத்துக்கு எங்கே நிலம் எடுப்பது என்ற ஒரே முடிவு பல ஆயிரம் குடும்பங்களின் காலை நேரத்தைப் பல தலைமுறைக்கு நிர்ணயித்துவிடுகிறது. அந்த முடிவை எடுக்கும் கோப்பில் குழந்தைகளைப் பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாளையிலிருந்து அபிஷேகப்பட்டிக்கு ஏறக்குறைய பதினாறு, பதினேழு கிலோமீட்டர். சென்னைக்காரர் காதில் விழுந்தால் இது ஒரு தூரமா என்பார். வழியைச் சொன்னால்தான் புரியும். வண்ணார்பேட்டையில் தொடங்கி, 1843இல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டித்தந்த பாலத்தையோ அதை ஒட்டி வந்திருக்கும் புதுப் பாலத்தையோ கடந்து, ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கி, நெல்லையப்பர் நெடுஞ்சாலை வழியே ஆர்ச், டவுன், வழுக்கோடை, பேட்டை. அதற்குப் பிறகுதான் சாலை திறந்துகொடுக்கும். பேட்டைக்கு மேற்கே தென்காசிச் சாலை அகலமாகி வண்டிகள் விரைகின்றன. நேரத்தைத் தின்பது அந்தப் பகுதியில்லை, அதற்கு முந்தைய பாதிதான். அதிலும் பள்ளி திறக்கும் நேரமும் அலுவலக நேரமும் ஒன்றாகச் சேரும் காலை எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள். ஆனித் தேரோட்டக் காலத்தில் டவுன் ரத வீதிகள் தேருக்கும் மக்களுக்கும் உரியவை. அப்போது வண்டி சுற்றித்தான் போக வேண்டும்.

ரயில் இதற்கு உதவாது. திருநெல்வேலி–தென்காசிப் பாதை டவுன், பேட்டை வரை வந்துவிட்டுத் தென்மேற்கே திரும்பி ஆற்றோடு சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று போய்விடுகிறது. பல்கலைக்கழகம் அந்தத் தண்டவாளத்தில் இல்லை. ஆகவே பேருந்து, இல்லையென்றால் சொந்த வண்டி. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்திருப்பது வீடு பார்க்கும் கணக்கையே மாற்றியிருக்கிறது. ஓர் ஆய்வு மாணவி, ஒரு தற்காலிக விரிவுரையாளர், அலுவலக உதவியாளராக இருக்கும் ஓர் அம்மா, இவர்களுக்கெல்லாம் நகரப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு அமைந்தால் மாதச் செலவில் கணிசமான தொகை மிச்சம். புறநகர் மனைப்பிரிவில் வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்று போய்விட்டு, அதைப் போல இரண்டு மடங்கை ஆட்டோவுக்கும் பெட்ரோலுக்கும் கொடுப்பவர்கள் உண்டு.

சுவிட்சர்லாந்தின் பொருளாதார அறிஞர்கள் புருனோ ஃபிரே, அலாய்ஸ் ஸ்டட்சர் இருவரும் ஜெர்மானியக் குடும்பங்களிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு இதைத்தான் ஆராய்ந்தார்கள். தொலைவிலிருந்து வேலைக்கு வருபவருக்கு நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ கிடைத்து அலைச்சலை ஈடுகட்டும் என்று பொருளியல் பாடம் சொல்கிறது. அவர்கள் கண்டது வேறு. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கையில் மனநிறைவு குறைந்துகொண்டே போனது. ஈடு முழுதாகக் கிடைக்கவில்லை. வீடு பார்க்கிற அன்றைக்கு விசாலமான முற்றம் கண்ணில் படுகிறது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குத் தினமும் சேரும் ஒன்றரை மணி நேரம் அப்போது கண்ணில் படுவதில்லை.

ஆனால் திருநெல்வேலியில் தூரத்தை விடவும் முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீரை. இதை நான் அழுத்திச் சொல்வேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அணைகளும் நிரம்பி, காட்டாறுகளும் சேர்ந்து, தாமிரபரணி நகருக்குள் வந்தது. ஜங்ஷனை ஒட்டிய மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, எதிர்க்கரையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று இரு கரையிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியே வெள்ளம் நின்றது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இது இரண்டாவது முறை. புதிதாகக் குடிவருபவருக்கு இரண்டுமே தெரியாது. வீட்டுத் தரகர் தானாகச் சொல்லவும் மாட்டார்.

அவர் சொல்லாவிட்டால் என்ன, ஊர்ப்பெயர் சொல்லும். வேய்ந்தான்குளம், கொக்கிரகுளம், கண்டியப்பேரி, நயினார்குளம், சிந்துபூந்துறை, குறுக்குத்துறை, கருப்பந்துறை, வழுக்கோடை. குளம் என்றும் பேரி என்றும் துறை என்றும் ஓடை என்றும் முன்னோர் பெயர் வைத்தது அழகுக்காக இல்லை. தண்ணீர் எங்கே தங்கும், எங்கே இறங்கலாம், எந்த வழியாக ஓடும் என்று அந்தப் பெயர்களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். புதுப் பேருந்து நிலையமே வேய்ந்தான்குளத்தில்தான் அமைந்தது. பழைய பெயரை அழித்துவிட்டு ஒரு தலைவரின் பெயரையோ பூவின் பெயரையோ சூட்டிய 'நகர்'களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மனைக்குப் பழைய பெயர் என்ன என்று பக்கத்து டீக்கடையில் கேட்டால் தெரிந்துவிடும்.

ஆறு மட்டும் போதாது, கால்வாயையும் பார்க்க வேண்டும். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். அவற்றில் மூன்றின் தண்ணீர் இந்த நகரத்தின் ஊடாகவே போகிறது. அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து கோடகன் கால்வாய், பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய். பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டைப் பக்கம் போகிறது. மற்ற இரண்டும் பேட்டை, டவுன், தச்சநல்லூர்ப் பக்கத்து வயல்களுக்கும் குளங்களுக்கும் உரியவை. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் அடுத்தது. நடுவே ஒரு மனைப்பிரிவு போட்டு மறுகால் ஓடையை வாறுகால் அளவுக்குச் சுருக்கிவிட்டால், தண்ணீர் பழைய வழியிலேயேதான் வரும். வீட்டுக்குள்ளே வரும். ஆற்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்கும் தெருவிலும் இது நடக்கும்.

ஆகவே மனையோ வீடோ வாங்குபவர் பத்திரமும் டி.டி.சி.பி. அங்கீகாரமும் பார்ப்பதோடு நிற்கக் கூடாது. அ-பதிவேட்டில் அந்தப் புல எண் முன்பு நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று பார்க்க வேண்டும். கிராம வரைபடத்தில் பக்கத்தில் ஓடை போகிறதா என்று பார்க்க வேண்டும். நஞ்சையை மண் போட்டு மேடாக்கிய இடத்தில் வாடகைக்கு இருக்கலாமே தவிர, கடன் வாங்கி வீடு கட்டுவது என் மனதுக்கு ஒப்பவில்லை. வாடகைக்குப் போகிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். வீட்டுக்காரரிடம் வேண்டாம், எதிர்வீட்டு ஆச்சியிடம் கேட்கட்டும்: "அந்த மழைக்கு இங்க எதுவரைக்கும் ஆச்சி தண்ணி வந்துச்சு?" அவர் கை காட்டும் உயரம் எந்தச் சான்றிதழையும் விட நம்பகமானது.

வடக்கே தச்சநல்லூர், சங்கரன்கோவில் சாலைப் பக்கம் வாடகை தணிவு. அங்கே வீடு பார்ப்பவர் இராமையன்பட்டியில் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். அங்கே தீப்பிடிக்கும் நாட்களில் புகை எந்தப் பக்கம் போகிறது என்பது காற்றைப் பொறுத்தது. மூச்சிரைப்பு உள்ள குழந்தையோ முதியவரோ இருக்கும் குடும்பத்துக்கு வாடகைக் குறைவு ஒரு லாபமே இல்லை.

இனி பள்ளி. பாளைப் பள்ளிகளுக்கு இருக்கும் பெயர் உண்மையானது. இரு நூற்றாண்டு உழைப்பு அதற்குப் பின்னே இருக்கிறது. ஆனால் மேற்குக் கரை கல்வியில்லாத கரை என்று நினைப்பது அநியாயம். பாரதி படித்த இந்துக் கல்லூரிப் பள்ளி மேற்குக் கரையில்தான். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த சுந்தரம் பிள்ளையும் அந்தப் பள்ளியின் பொறுப்பில் சில காலம் இருந்தவரே. டவுனில் சாப்டர் பள்ளி இருக்கிறது. கல்லணை மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அரசுப் பள்ளி என்றால் ஒதுங்கிப்போகும் இந்தக் காலத்தில், பெற்றோர் இடம் கேட்டு வரிசையில் நிற்கும் பள்ளி அது. பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி. அதே பக்கத்தில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி. கண்டியப்பேரியில் அரசு மருத்துவமனையும் உழவர் சந்தையும். பெண் குழந்தை உள்ள ஒரு பல்கலைக்கழக ஊழியர் டவுனுக்கும் பேட்டைக்கும் இடையே மேடான தெருவில் வீடு எடுத்தால், மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பட்டம் வாங்கும்வரை ஆற்றைக் கடக்கவே தேவையில்லை. அவருக்கும் காலையில் நெரிசலுக்கு எதிர்த்திசையில் பயணம். இந்தக் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை. 'பாளை' என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு கணக்கை மறைத்துவிடுகிறது.

சுத்தமல்லி, கொண்டாநகரம், நரசிங்கநல்லூர் பக்கம் இப்போது வீடுகள் பெருகிவருகின்றன. காற்று நன்றாக இருக்கிறது. ஆனி, ஆடியில் பொதிகைச் சாரலின் குளிர்ச்சி அங்கே வரை எட்டும். கைக்குழந்தை உள்ள இளம் தம்பதிக்கு நல்ல இடம்தான். பிள்ளை மேல்வகுப்புக்குப் போகும்போது திரும்ப இடம் மாற வேண்டியிருக்கலாம். சேரன்மகாதேவியில் இருந்தும் சிலர் வந்துபோகிறார்கள். ஆற்றங்கரை ஊர், ரயில் உண்டு, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு நேர்ப் பேருந்து வசதியைப் பார்த்துக்கொண்டுதான் துணிய வேண்டும்.

சேரன்மகாதேவியின் பெயரைச் சொன்னதும் இன்னொன்றைச் சொல்லாமல் நகர முடியாது. 1922இல் வ.வே.சு. ஐயர் தேசியக் கல்விக்காக அங்கே தொடங்கிய குருகுலத்தில், சாதி பார்த்துச் சில மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதால் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலையே திருப்பியது. நூறு ஆண்டு கழிந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. பன்னிரண்டு வயதுப் பையன் கையிலிருந்து அந்தக் கயிற்றை அவிழ்க்க ஒரு நீதிபதி எழுத வேண்டியிருந்தது.

குடும்பத்துக்கு உகந்த இடம் எது என்று பேசும்போது இதை ஒதுக்கிவைப்பது நேர்மையாகாது. இங்கே வீடு கேட்டுப் போனால், "நீங்க எந்த ஊரு?" என்பதில் தொடங்கி, "சொந்த ஊர் எது, அங்க எந்தத் தெரு, குலதெய்வம் எது?" என்று கேள்விகள் நெருங்கிவரும். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. ஆகவே ஒரு தெருவை எடைபோட என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. அங்கே மாலையில் விளையாடும் பிள்ளைகள் எல்லா வீட்டுப் பிள்ளைகளுமா? தெரு முனைக் கம்பத்தில் ஒரே நிறத்தில் பட்டை அடித்திருக்கிறார்களா? பள்ளிக்கூட வாசலில் பையன்களின் மணிக்கட்டு வெறுமையாக இருக்கிறதா? ஒரு மாலை, ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். அரசு ஊழியர்கள் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த காலனிகளில் இந்தக் கலப்பு ஓரளவு இயல்பாக அமைகிறது. ஒரே சமூகத்தார் நிறைந்த பழைய தெருவில் நம்மவர்களோடு இருக்கலாம் என்று போகிறவர், அந்த நிம்மதிக்கான விலையைத் தன் பிள்ளை கொடுக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி இருவரில் ஒருவர் பல்கலைக்கழகத்திலும் மற்றவர் பாளைப் பக்கத்திலும் வேலை பார்த்தால் பாளையே சரி. வளர்ந்தவர் பயணத்தைத் தாங்கட்டும், பிள்ளை நடந்து பள்ளிக்குப் போகட்டும். வேலை இருவருக்கும் மேற்கே என்றாலோ, ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பம் என்றாலோ, டவுன்–பேட்டைப் பக்கத்தில் மறுகால் வழியை விட்டு விலகிய மேட்டுத் தெருவே மேல். எட்டு வயதுக் குழந்தையை நாள்தோறும் வேனில் ஏற்றி ஆற்றைக் கடத்தி அனுப்பும் ஏற்பாடு எதுவானாலும், அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், எனக்கு அது மூன்றாம்பட்சம்தான்.

1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் நான்கையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 4.74 லட்சம். காகிதத்தில் ஒரே ஊர்தான். காலை ஒன்பது மணிக்குப் பாலத்தில் நின்று பார்த்தால் இன்னும் இரண்டு ஊர். பல்கலைக்கழகமும் மாநகராட்சியும் போக்குவரத்துக் கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் செய்யக்கூடியவை உண்டு. பாளையிலிருந்து டவுன் நெரிசலில் சிக்காமல் அபிஷேகப்பட்டிக்குக் காலையும் மாலையும் நேர்ப் பேருந்துகள் விடலாம். இரவு ஆய்வகம் முடித்து வரும் மாணவிகளுக்காக எட்டு மணிக்குப் பிறகும் நகரப் பேருந்து ஓட்டலாம். பேட்டைக்கு மேற்கே, கல்லணைப் பள்ளியைப் போல் பெற்றோர் தேடி வரும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியை வளர்த்தெடுக்கலாம். அந்தப் பள்ளிக்கு நிலம் தேட வேண்டிய அவசியம்கூட இல்லை. பல்கலைக்கழகத்திடமே 550 ஏக்கர் இருக்கிறது.